பழைய லேப்டாப் கொதிக்கிறதா? சூடு எங்கே தேங்குகிறது என்று முதலில் பாருங்கள்

உங்கள் லேப்டாப்புக்கு ஏழெட்டு வயது. வீடியோ பார்க்க ஆரம்பித்தால் சிறிது நேரத்தில் ஃபேன் இரைகிறது, அடிப்பக்கம் மடியில் வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது, சில நாள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அணைந்துவிடுகிறது. ஒருவர் "போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றாராம். இன்னொருவர் தெர்மல் பேஸ்ட் மாற்றினால் சரியாகிவிடும் என்றாராம். அடியில் வைத்துக் காற்று ஊதும் கூலிங் பேட் வாங்கலாமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் உண்மையான கேள்வி வேறு என்று நினைக்கிறேன்: இந்தப் பழைய மெஷினில் இனி காசும் நேரமும் போடலாமா, போட்டால் எதில் முதலில் போடுவது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

லேப்டாப் பழுது பார்ப்பது என் தொழில். சூடு என்று வரும் பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றைப் பெரிய செலவில்லாமல் சரிசெய்துவிடலாம். ஆனால் ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்வார்கள். நோய் எது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பேஸ்ட் மாற்றுவது நல்ல வேலைதான், ஆனால் பிரச்சினை பேஸ்டில் இருந்தால் மட்டும். சூடு எந்த இடத்தில் தேங்குகிறது என்று கண்டுபிடிக்க ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற வேண்டாம். அந்தச் சோதனைகளை முதலில் செய்யுங்கள், திறப்பதைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்.

சூடு போகும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ப்ராசஸரின் சிலிக்கான் சில்லில் சூடு பிறக்கிறது. அதன்மேல் மெல்லிய பூச்சாகத் தெர்மல் பேஸ்ட். அதன்மேல் செம்புத் தகடு. தகட்டிலிருந்து ஹீட் பைப் என்ற தட்டையான செம்புக் குழாய்கள் லேப்டாப்பின் ஓரத்துக்குச் சூட்டைக் கொண்டுபோகின்றன. அங்கே நெருக்கமாக அடுக்கிய மெல்லிய தகடுகள், அவற்றின் வழியாகக் காற்றைத் தள்ளும் ஃபேன். அடியில் காற்று உள்ளே வரத் துளைகள், பக்கவாட்டிலோ பின்பக்கமோ வெளியேறத் துளைகள். இந்தச் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணி அடைபட்டால் அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் சுடும், பின்னால் இருப்பதெல்லாம் குளிர்ந்தே இருக்கும். அடைப்பு எது என்பதை இதை வைத்தே பிடித்துவிடலாம்.

அளக்காமல் பேசுவதில் பயனில்லை. வெப்பநிலையைக் காட்டும் ப்ரோகிராம் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்: விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) அல்லது கோர் டெம்ப் (Core Temp), லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் (lm-sensors). எல்லாம் இலவசம். எண்களைப் பார்த்ததும் பதற வேண்டாம். லேப்டாப் ப்ராசஸர்கள் சூட்டைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. இன்டெல்லின் லேப்டாப் சில்லுகளில் பெரும்பாலானவற்றுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி செல்சியஸ், சிலவற்றுக்கு 105. ஏஎம்டியில் மாடலைப் பொறுத்து 95 முதல் 105 வரை. வேலை எதுவும் இல்லாதபோது 40 முதல் 55 வரை இருந்தால் கவலை இல்லை. கனமான வேலையில் 80, 85 போவதும் லேப்டாப்பில் சகஜம். வரம்பைத் தொட்டதும் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் "ஹேங் ஆகுது" என்று சொல்வதில் பாதி இதுவாக இருக்கலாம். வேகத்தைக் குறைத்தும் சூடு ஏறினால் மின்சாரத்தையே வெட்டிவிடும் பாதுகாப்பு ஏற்பாடு உள்ளே இருக்கிறது. அதனால் அதிகச் சூட்டில் ப்ராசஸர் எரிந்துபோவது அபூர்வம். சூடு உண்மையில் தின்பது அதன் பக்கத்தில் இருப்பவற்றை: பேட்டரி, ஃபேனின் பேரிங், போர்டின் சாலிடர் இணைப்புகள், உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதுவும். 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குகளுக்குப் பொதுவாக 60 டிகிரிதான் எல்லை.

இனி சோதனை. முதலில் எந்த வேலையும் கொடுக்காமல் பத்து நிமிடம் சும்மா விட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சும்மா இருக்கும்போதே ப்ராசஸர் பயன்பாடு 20, 30 சதவீதம் என்று நின்றால், சூட்டுக்குக் காரணம் ஏதோ ஒரு ப்ரோகிராம். புதிதாகப் போட்ட ஆன்டிவைரஸ், இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுவது, முடிவே இல்லாமல் திரும்பத் திரும்பத் தோற்கும் அப்டேட், பிரவுசரில் மறந்துபோன ஒரு டேப், இப்படி ஏதாவது இருக்கும். மேக்கில் கெர்னல்-டாஸ்க் என்ற ஒன்று பெரிய சதவீதம் எடுப்பதாகக் காட்டினால் அதைக் குற்றவாளி என்று நினைக்காதீர்கள். மெஷின் ஏற்கனவே சூடாக இருப்பதால் மற்ற ப்ரோகிராம்களுக்கு ப்ராசஸர் கிடைக்காமல் அது இடத்தைப் பிடித்து வைக்கிறது. அங்கே அது சூட்டின் விளைவு.

சும்மா இருக்கும்போது பயன்பாடு குறைவாகவே இருந்தால் அடுத்த கட்டம். ஃபைல்களைச் சுருக்கும் செவன்-ஜிப் (7-Zip) ப்ரோகிராமிலேயே பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனை இருக்கிறது, அதை ஓட்டுங்கள். ப்ராசஸர் முழு வேகத்தில் உழைக்கும். வெப்பநிலை எவ்வளவு போகிறது என்பதைவிட, எவ்வளவு வேகமாக ஏறுகிறது, நிறுத்தியதும் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று கவனியுங்கள். வேலை தொடங்கிய இரண்டு மூன்று விநாடிகளிலேயே 50-லிருந்து 95-க்குத் தாவி, நிறுத்திய உடனே அதே வேகத்தில் 60-க்கு விழுந்தால், சில்லுக்கும் செம்புத் தகட்டுக்கும் இடையில்தான் பிரச்சினை. சில் மிகச் சிறியது, சூட்டைத் தேக்கி வைக்க அதில் இடமில்லை. தகட்டுக்குச் சூடு போய்ச் சேராததால் நொடியில் ஏறுகிறது, நொடியில் இறங்குகிறது. பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அல்லது ஹீட்சிங்க் (செம்புத் தகடு, குழாய்கள், ஓரத்துத் தகடுகள் எல்லாம் சேர்ந்த தொகுதி) சரியாக அழுந்தாமல் இருக்கலாம். அதற்கு மாறாக, மெல்ல மெல்ல ஏறி ஐந்தாறு நிமிடங்களில் 95-ஐத் தொட்டு, நிறுத்திய பிறகும் நெடுநேரம் இறங்க மறுத்தால், பேஸ்ட் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். செம்பும் தகடுகளும் முழுக்கச் சூடேறி, வெளியேற வழியில்லாமல் நிற்கின்றன. தூசியோ, ஃபேனோ, அடியில் அடைபட்ட துளையோ காரணம்.

இதில் ஒரு எச்சரிக்கை. ப்ராசஸர்கள் தொடக்கத்தில் சில விநாடிகள் வழக்கத்தைவிட அதிக மின்சாரம் எடுத்து ஓடும். அதனால் நல்ல நிலையில் உள்ள லேப்டாப்பிலும் முதல் விநாடியில் 20, 25 டிகிரி தாவல் இருக்கும். அதை வைத்து முடிவுக்கு வராமல், வெளியேறும் காற்றையும் கையால் பாருங்கள். திரையில் 95 டிகிரி காட்டும்போது வெளிக்காற்று வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் சூடு தகடுகள் வரை வரவேயில்லை: பேஸ்ட் பக்கம் சந்தேகப்படலாம். காற்று நன்றாகச் சுடுகிறது, ஆனால் மூச்சு விடுவது போலப் பலவீனமாக வருகிறது என்றால் அடைப்பு. ஃபேன் இரைச்சல் போடுகிறது, காற்றே வரவில்லை என்றால் கிட்டத்தட்ட நிச்சயமாக அடைப்புதான். இரைச்சலும் இல்லை, காற்றும் இல்லை என்றால் ஃபேன் நின்றுவிட்டது. ப்ராசஸருக்குள் இருக்கும் கோர்களுக்கு (தனித்தனிக் கணக்கிடும் பகுதிகளுக்கு) இடையே தொடர்ந்து பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் காட்டினால் பேஸ்ட் சமமாகப் படியவில்லை என்று சந்தேகிக்கலாம், ஆனால் அது துணைச் சாட்சி மட்டுமே. ஏழெட்டு வருட மெஷினில் பேஸ்ட், தூசி இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. அப்போது இந்த அறிகுறிகள் கலந்து வரும், திறந்து பார்த்தால்தான் தெரியும்.

வீடியோ பார்க்கும்போது சுடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. இணைய வீடியோ தளங்கள் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற வடிவங்களில் வீடியோவை அனுப்புகின்றன. அந்த வடிவத்தை விரிக்கத் தனிச் சுற்று சில்லுக்குள் இருந்தால் ப்ராசஸருக்கு வேலையே இல்லை. இல்லாவிட்டால் ப்ராசஸரே கணக்குப் போட்டு ஒவ்வொரு படத்தையும் விரிக்க வேண்டும். இன்டெல்லில் விபி9-க்கு முழுமையான வசதி வந்தது ஏழாம் தலைமுறையில், ஏவி1-க்கு 2020-ல் வந்த பதினோராம் தலைமுறையில். உங்களுடையது அதற்கு முந்தையது என்றால், நீங்கள் சும்மா பாட்டுக் கேட்பதாக நினைக்கும் நேரத்தில் அது மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருக்கும். வீடியோ ஓடும்போது ப்ராசஸர் பயன்பாடு 60, 70 சதவீதம் காட்டினால் இதுதான். பழைய எச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும் எச்264-இஃபை (h264ify) போன்ற பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் இருக்கின்றன. எச்.264-ஐ விரிக்கும் வசதி பத்து வருடப் பழைய லேப்டாப்புகளிலும் உண்டு. அந்தத் தனிச் சுற்றைப் பிரவுசர் பயன்படுத்த, அதன் செட்டிங்ஸில் ஹார்ட்வேர் ஆக்சலரேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதுவும் போதாவிட்டால் வீடியோவின் தரத்தை 720p-க்குக் குறைக்கலாம். சிலருக்கு இந்த மாற்றமே போதும், லேப்டாப்பைத் திறக்க வேண்டிய தேவையே வராது.

தானாக அணைவதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அது சூட்டால்தான் என்று நாம் ஊகிக்கிறோம், இன்னும் நிரூபிக்கவில்லை. நைந்துபோன பேட்டரி, தளர்ந்த சார்ஜர் முனை, போர்டில் உள்ள பவர் பகுதி, எல்லாமே இதே அறிகுறியைத் தரும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். அதைக் காட்டி ஏதேதோ சொல்பவர்கள் உண்டு. முறையாக மூடாமல் மின்சாரம் போனது என்பதற்கு மேல் அந்தப் பதிவு ஒன்றும் சொல்வதில்லை. எச்டபிள்யூஇன்ஃபோவில் வெப்பநிலையை ஒரு ஃபைலில் எழுதிக்கொண்டே போகும் வசதி இருக்கிறது. அதை ஓடவிட்டு, அடுத்த முறை அணைந்த பிறகு கடைசி வரியைப் பாருங்கள். கடைசி எண் 98, 100 என்றிருந்தால் சூடு. 70-ல் அணைந்திருந்தால் ப்ராசஸர் சூட்டின்மேல் பழி போட முடியாது. பேட்டரி, சார்ஜர், மின்சாரப் பகுதி என்று தேட வேண்டும். தனி கிராஃபிக்ஸ் சில் இருந்தால் அதன் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். "போர்டு போச்சு" என்று சொன்னவர் இதில் எதையாவது பார்த்துச் சொன்னாரா என்று தெரிந்துகொள்வது நல்லது. வரம்பைத் தொட்டு அணையும் போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

திறக்கும் முன் ஒரு செட்டிங்கையும் முயன்று பாருங்கள். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் ப்ராசஸரின் அதிகபட்ச நிலை என்று ஒரு வரி இருக்கும், சாதாரணமாக 100 சதவீதம். அதை 99 ஆக்கினால், ப்ராசஸர் அவ்வப்போது வழக்கமான வேகத்துக்கு மேல் ஓடும் டர்போ பூஸ்ட் நின்றுவிடும். ஒரு சதவீதத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். ப்ராசஸர் எடுக்கும் மின்சாரம் வேகத்தோடும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறுகிறது. டர்போவில் இரண்டும் ஒன்றாக உயர்கின்றன. டர்போவை நிறுத்தினால் வேகம் ஓரளவு குறையும், சூடு அதைவிட நிறையக் குறையும். எழுதுவது, படிப்பது, வீடியோ பார்ப்பது போன்ற வேலைகளில் இந்த வேக இழப்பு பெரிதாகத் தெரியாது. மின்னழுத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கும் அண்டர்வோல்டிங்கும் நல்ல வழிதான். ஆனால் 2019 டிசம்பரில் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளியானதும், பல நிறுவனங்கள் பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் உள் மென்பொருள்) அப்டேட் மூலம் அந்த வசதியைப் பூட்டிவிட்டன. உங்களுடையதில் திறந்திருந்தால் முயலலாம். பூட்டியிருந்தால், அதற்காகப் பழைய பயாஸுக்குத் திரும்பிப் போகச் சொல்லமாட்டேன்.

சரி, இதெல்லாம் செய்தும் சூடு இறங்கவில்லை, திறக்கத்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் லேப்டாப்பை மேசையில் வைத்துப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். தரையில் சமமாக உட்காரவில்லை, டச்பேட் மேலே எழும்பியிருக்கிறது, மூடி முழுக்க மூடவில்லை என்றால் பேட்டரி உப்பியிருக்கலாம். அப்படியானால் சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்துங்கள். அழுத்தவோ, குத்தவோ, நெம்பி எடுக்கவோ வேண்டாம். லித்தியம் பேட்டரி கிழிந்தால் தீப்பிடிக்கும். அதை அனுபவமுள்ளவர் எடுக்கட்டும். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் அவசரம். பேட்டரி நன்றாக இருந்தால் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைத் தேடி இறக்கிக்கொள்ளுங்கள். வணிகப் பயன்பாட்டுக்கு என்று விற்ற லேப்டாப்புகளுக்குப் பெரும்பாலும் நிறுவனத்தின் தளத்திலேயே கிடைக்கும். எந்த ஸ்க்ரூ எங்கே, ரப்பர் பாதத்துக்கு அடியில் ஒளிந்திருப்பது எது, எல்லாம் அதில் இருக்கும். ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. நீளமானதைத் தவறான இடத்தில் முறுக்கினால் போர்டையோ கீபோர்டையோ துளைத்துவிடும். எடுத்த இடத்தின் வரிசையிலேயே ஒரு தாளில் ஒட்டி வையுங்கள். சரியான அளவு ஸ்க்ரூடிரைவர் முனை இல்லாமல் தொடங்க வேண்டாம், ஸ்க்ரூவின் தலை தேய்ந்துவிட்டால் பாதி நாள் அதிலேயே போய்விடும்.

உள்ளே போனதும் செய்ய வேண்டிய முதல் காரியம் பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. பிறகு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். தூசி இருக்கும் இடம் பலருக்குத் தெரிவதில்லை. ஃபேன் இறக்கைகளில் கொஞ்சம் படிந்திருக்கும், அது பெரிய விஷயமில்லை. ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே, ஃபேன் காற்றைத் தள்ளும் பக்கத்தில், தூசியும் முடியும் நூலும் சேர்ந்து கம்பளித் துண்டு போல ஒரு படலம் இருக்கும். வெளியிலிருந்து டார்ச் அடித்தால் தகடுகள் சுத்தமாகவே தெரியும், படலம் அதன் பின்னால் ஒளிந்திருக்கும். வெளித்துளை வழியாகக் காற்றை ஊதினால் அந்தப் படலம் பின்னோக்கிப் போய் ஃபேனுக்குள் விழும், சில சமயம் ஃபேனையே நிறுத்திவிடும். ஃபேனைக் கழற்றி, படலத்தைக் குறடால் முழுசாக உரித்தெடுப்பதுதான் சரியான வழி. பல மாடல்களில் ஹீட்சிங்கைத் தொடாமலே ஃபேனை மட்டும் கழற்றலாம், அதனால் பேஸ்ட் பக்கம் போகாமலே இந்த வேலையை முடிக்கலாம். காற்று அடிக்கும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் கெடும். காற்றடைத்த டின் என்றால் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், சாய்த்தால் உள்ளிருக்கும் திரவம் பீய்ச்சும். வீட்டு வேக்குவம் கிளீனரைப் போர்டின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அதன் முனையில் நிலைமின்சாரம் சேரும்.

ஃபேனை விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றி நிதானமாக நிற்க வேண்டும். கரகரவென்று உராய்ந்தாலோ, இறக்கை ஆடினாலோ மாற்றிவிடுங்கள். எண்ணெய் விடுவது பற்றி நிறைய வீடியோக்கள் இருக்கின்றன. சத்தம் கொஞ்ச காலம் அடங்கும், தேய்ந்த பேரிங் திரும்ப வளராது. புது ஃபேன் வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் நம்பாமல் ஃபேனின்மேல் அச்சடித்த எண்ணை ஒப்பிட்டு வாங்குங்கள். ஒரே மாடலிலேயே கிராஃபிக்ஸ் சில் உள்ளதற்கும் இல்லாததற்கும் ஃபேன் வேறுபடும், கனெக்டரில் கம்பிகளின் எண்ணிக்கையும் மாறலாம்.

தூசியும் ஃபேனும் முடிந்த பிறகு மறுபடி அதே சோதனையை ஓட்டுங்கள். தாவல் அப்படியே இருந்தால் பேஸ்டுக்கு வாருங்கள். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். முறுக்கும்போது அந்த வரிசையில், ஒரே முறையில் இறுக்காமல் இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். கழற்றும்போது அதற்குத் தலைகீழாக. கழற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் லேப்டாப்பை ஓடவிட்டால் பேஸ்ட் இளகி, ஹீட்சிங்க் எளிதாக வரும். ஒட்டிக்கொண்டால் நேராக இழுக்காமல் லேசாகத் திருகி எடுங்கள், ஹீட் பைப் வளையக் கூடாது. உள்ளே சிறிது திரவமும் நுண்துளை அடுக்கும் வைத்து மூடிய குழாய் அது; நசுங்கினால் வேலை செய்யாது, வெளியே பார்க்க வித்தியாசமும் தெரியாது. பழைய பேஸ்டை 90 சதவீதத்துக்கு மேலான ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் வைத்துத் துடையுங்கள். லேப்டாப் சில்லுக்கு மேசைக் கணினியில் இருப்பது போல உலோக மூடி கிடையாது, சிலிக்கானே நேரடியாகத் தெரியும். அதன் ஓரங்கள் சுலபமாக உடையும், உலோகம் எதுவும் படக் கூடாது. மூடி இல்லாததால் சில்லின் முழுப் பரப்பும் மூடும்படி மெல்லியதாகப் பேஸ்ட் போட வேண்டும். நடுவில் ஒரு பொட்டு வைத்து விடும் முறையில் மூலைகள் வெறுமையாக நின்றுவிடலாம்.

பக்கத்தில் மென்மையான சாம்பல் அல்லது நீல நிறத் துண்டுகள் ஒட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். அவை தெர்மல் பேட்கள், நினைவகச் சில்லுகளிலும் மின்சாரப் பகுதியிலும் இருப்பவை. கிழியாமல் இருந்தால் அப்படியே விடுங்கள். கிழிந்தால் அதே தடிமனில் மாற்ற வேண்டும், 0.5, 1, 1.5 மில்லிமீட்டர் என்று பல அளவுகள் உண்டு. தடிமன் கூடினால் ஹீட்சிங்க் ப்ராசஸரின்மேல் அழுந்தாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். "புதுப் பேஸ்ட் போட்ட பிறகு முன்பைவிட அதிகமாகச் சுடுகிறது" என்று வரும் லேப்டாப்புகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பேட் இருந்த இடத்தில் பேஸ்ட் தடவுவதும் வேலைக்காகாது, அங்கே இடைவெளி பெரியது.

எந்தப் பேஸ்ட் நல்லது என்ற சண்டையில் நான் இறங்குவதில்லை. நம்பகமான எந்தப் பேஸ்டும் காய்ந்துபோன பழையதைவிட மேல், அவற்றுக்குள் இருக்கும் வித்தியாசம் சில டிகிரிதான். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, பேஸ்ட் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிதுங்கிப் போவது லேப்டாப்பில் அதிகம், அதனால் கெட்டியான வகையை எடுங்கள். 45 டிகிரி வாக்கில் இளகிப் படியும் ஃபேஸ் சேஞ்ச் வகைத் தாள்கள் இன்னும் நீண்ட நாள் நிற்கும், கிடைத்தால் அதையே போடுவேன். லிக்விட் மெட்டல் மட்டும் வேண்டாம். அதில் காலியம் இருக்கிறது, அலுமினியத்தை அரித்துவிடும். மின்சாரமும் கடத்தும், ஒரு சொட்டு சிதறினால் போர்டு காலி.

இவ்வளவு செய்தால் எத்தனை டிகிரி குறையும் என்று கேட்பீர்கள். அதை இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. முழுக்க அடைபட்டிருந்த மெஷினில் இருபது, முப்பது டிகிரி இறங்குவது உண்டு. சுத்தமாக இருந்த மெஷினில் பேஸ்ட் மட்டும் மாற்றினால் மூன்று நான்கு டிகிரியோடு நின்றுவிடலாம். சில மாடல்கள் பிறவியிலேயே சின்ன ஹீட்சிங்க்கோடு வந்தவை, புதிதாக இருந்தபோதே 90-ஐத் தொட்டவை. அவற்றிடம் 70 எதிர்பார்க்க முடியாது. அறையின் சூடும் கணக்கில் உண்டு: அறை பத்து டிகிரி கூடினால் உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். அதனால் முன்னும் பின்னும் ஒப்பிடும்போது ஒரே நேரத்தில், ஒரே அறையில் அளந்து பாருங்கள்.

கூலிங் பேட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உள்ளே அடைப்பு இருக்கும்போது வெளியிலிருந்து ஊதிப் பெரிய பயன் இல்லை. சுத்தம் செய்த பிறகு சில டிகிரி உதவும், அதில் பாதி உதவி லேப்டாப்பின் பின்பக்கம் உயர்ந்து அடித்துளைகளுக்குக் காற்று கிடைப்பதால்தான். இரண்டு மரத்துண்டுகளைப் பின்பக்கம் முட்டுக் கொடுத்துப் பாருங்கள், போதுமானதாக இருந்தால் வாங்க வேண்டாம். மெத்தைமேலும் போர்வைமேலும் வைத்துப் பயன்படுத்துவதை நிறுத்தாமல் கூலிங் பேட் வாங்குவதில் அர்த்தமே இல்லை.

கிராஃபிக்ஸ் சில்லுக்குச் சூடு காட்டினால், அல்லது போர்டைச் சமையல் ஓவனில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த வழக்கம் பரவியதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 2008-ல் என்விடியா தன் லேப்டாப் கிராஃபிக்ஸ் சில்லுகள் சிலவற்றில் குறை இருப்பதை ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டாலர் வரை அதற்கென ஒதுக்கியது. சூடேறி ஆறுவதில் சில்லின் உள்ளிருக்கும் நுண்ணிய இணைப்புகள் விட்டுப்போயின. அப்படிப்பட்டவற்றைச் சூடாக்கினால் கொஞ்ச நாள் உயிர் வரும், மறுபடி போகும். உங்களுடையதில் திரையில் கோடுகள், கட்டங்கள், படமே வராமல் போவது என்று எதுவும் இல்லை, அதனால் அந்தத் திசையில் யோசிக்கவே வேண்டாம்.

காசு போடலாமா என்ற கேள்விக்கு என் கணக்கு இது. சுத்தம், பேஸ்ட், தேவைப்பட்டால் ஒரு ஃபேன், இதற்கு மேல் போகாதவரை போடுங்கள். பேட்டரியும் உப்பியிருக்கிறது, ஹின்ஜும் உடைந்திருக்கிறது, போர்டில் ஈரம் பட்ட பச்சைக் கறையும் தெரிகிறது என்றால் நிறுத்திவிட்டு டேட்டாவை எடுத்து வையுங்கள். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சில்லுகளை, ஒன்றிரண்டு விதிவிலக்குகள் தவிர, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. உங்களுடையது அந்த எல்லைக்கு அப்பால் இருந்தால், சூட்டைச் சரிசெய்த பிறகு லினக்ஸுக்கு மாறுவதற்கும் தயாராக இருந்தால்தான் இந்த உழைப்புக்கு முழுப் பயன்.

இப்போதைக்குத் திறக்காமலே செய்யக்கூடியதைச் செய்துவிட்டு நான்கு விவரங்களை எழுதுங்கள்: முழு மாடல் எண், சும்மா இருக்கும்போது வெப்பநிலை, பெஞ்ச்மார்க் தொடங்கிய மூன்றாவது விநாடியிலும் ஐந்தாவது நிமிடத்திலும் வெப்பநிலை, நிறுத்திய பத்து விநாடிக்குப் பிறகு எவ்வளவு என்பது. அணைந்த நாளின் பதிவு ஃபைல் இருந்தால் அதன் கடைசி சில வரிகளும். அதை வைத்துப் பேஸ்டா, தூசியா, வேறு ஏதாவதா என்று இன்னும் குறிப்பாகச் சொல்லலாம்.